தோட்டப்புறப் பள்ளியும் முதலுதவிக் கல்வியும்: ஒரு வரலாற்றுப் பார்வை

நோயுற்றவன் நலம்பெற வேண்டுமாயின் நான்கு கூறுகள் ஒன்றுகூட வேண்டும் என்று திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் வகுத்துரைக்கின்றார். நோயாளி, மருத்துவன், மருந்து ஆகிய மூன்றும் எவருக்கும் எளிதில் தோன்றக் கூடியவை. நான்காவதாக அவர் சேர்த்துக்கொண்டது, அருகிருந்து உதவுகின்ற ஆளை. மருத்துவத்தைப் பற்றிப் பேசப் புகுந்த புலவர் மருத்துவர் அல்லாத ஒருவருக்கும் அதில் சரிபங்கு வைத்தார் என்பது எண்ணி மகிழத்தக்கது. மருத்துவன் வரும்வரையில், மருந்து கிடைக்கும்வரையில், அடிபட்டவனின் உயிரைத் தாங்கிப் பிடிப்பது அருகிருப்பவனின் கையே ஆகும். அந்தக் கைக்குப் பயிற்சி அளிப்பதையே முதலுதவிக் கல்வி என்கிறோம்.

நகரத்தில் அருகிருப்பவர் பலர். மருத்துவமனையும் தொலைவில் இல்லை. நம் நாட்டு ரப்பர்த் தோட்டங்களிலோ நிலைமை வேறாக இருந்தது. பெற்றோர் இருவரும் பொழுது புலருமுன் காட்டுக்குள் சென்றுவிட்ட வேளையில், லயத்து வீட்டில் அடிபட்ட குழந்தைக்கு அருகில் இருந்தது பெரும்பாலும் இன்னொரு குழந்தையே. முதலுதவிக் கல்வி எங்கே மிகவும் தேவைப்பட்டதோ அங்கேதான் அது மிகவும் காலந்தாழ்த்தி வந்து சேர்ந்தது. அந்தக் காலத்தாழ்வின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்பதும், அதிலிருந்து இன்றைய பள்ளிக்கு வேண்டிய பாடத்தைப் பெறுவதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

போர்க்களத்தில் பிறந்த கலை

முதலுதவி என்னும் கலை போர்க்களத்தில் பிறந்தது. 1859ஆம் ஆண்டு சூன் திங்கள் 24ஆம் நாள் வட இத்தாலியிலுள்ள சோல்பெரினோவில் கடும்போர் நடந்தது. வணிக வேலையாக அவ்வழியே சென்ற சுவிட்சர்லாந்து நாட்டவரான ஆன்ரி துனான், காயமுற்றுக் கிடந்தோர் கவனிப்பாரின்றி மடிவதைக் கண்டு, அருகிலிருந்த ஊர்மக்களைத் திரட்டித் தம்மால் இயன்ற பணியைச் செய்தார். அந்த மக்களுள் பெரும்பாலோர் மருத்துவம் அறியாத பெண்கள். அந்நிகழ்ச்சியைப் பற்றி அவர் 1862இல் வெளியிட்ட நூலே 1863இல் செஞ்சிலுவை இயக்கம் தோன்றுவதற்கு வித்தாயிற்று. 1901இல் முதன்முதலாக வழங்கப்பட்ட நோபல் அமைதிப் பரிசில் துனானுக்கும் பங்கு கிடைத்தது.

இங்கிலாந்தில் 1877ஆம் ஆண்டு செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சங்கம் நிறுவப்பட்டது. படை மருத்துவரான பீட்டர் செப்பர்டு, பொதுமக்களுக்கு முதலுதவி கற்பிப்பதற்கென ஒரு கையேட்டை எழுதினார். அது 1878இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே தென்னாப்பிரிக்காவில் இசாண்டில்வானா என்னுமிடத்தில் நடந்த போரில் அவர் உயிர்நீத்தார். ஆயினும் அவர் தொடங்கிய வகுப்புகள் நிலக்கரிச் சுரங்கங்களிலும் இருப்புப்பாதை நிலையங்களிலும் பரவின. உழைப்பாளி இரத்தம் சிந்திய இடங்களில் உழைப்பாளிக்கே கற்பிப்பது என்னும் வழக்கம் அவ்வாறு வேரூன்றியது.

செருமானிய அறுவை மருத்துவரான எசுமார்க், இங்கிலாந்தின் முயற்சியைக் கண்டு தம் நாட்டில் கீல் நகரத்தில் 1882இல் இத்தகைய பள்ளியொன்றைத் தொடங்கினார். முக்கோணக் கட்டுத்துணியின் மேலேயே, அதனை எவ்வாறு கட்ட வேண்டும் என்று காட்டும் படங்களை அச்சிட்டுப் பரப்பியவர் அவர். எழுத்தறியாதவனும் பார்த்துச் செய்யக்கூடிய பாடம் அது. முதலுதவியைக் கண்ணாலும் கையாலும் கற்க வேண்டும் என்னும் உண்மையை நூற்றாண்டுக்கு முன்பே அவர் உணர்ந்திருந்தார்.

மலாயாவுக்கு வந்த வழி

மலாயாவில் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் பணி 1908ஆம் ஆண்டில் தொடங்கியது. ஏறத்தாழ அதே காலத்தில் சாரணர் இயக்கமும் இம்மண்ணில் கால்கொண்டது. சிங்கப்பூரில் சாரணர் இயக்கம் 1910இல் தோன்றியது. கட்டுப்போடுதலும் காயமுற்றவரைத் தூக்கிச் செல்லுதலும் சாரணர் பயிற்சியின் இன்றியமையாத பகுதிகள். ஆகவே பள்ளிச் சிறுவர் கைக்கு முதலுதவி முதன்முதலாக வந்து சேர்ந்த வழிகளுள் சாரணர் இயக்கமும் ஒன்று எனலாம். எனினும் இவையெல்லாம் பெரும்பாலும் நகரத்து ஆங்கிலப் பள்ளிகளின் எல்லைக்குள் நின்றன. சீருடைக்கும் சந்தாவுக்கும் வழியுள்ள வீட்டுப் பிள்ளைகளே அவற்றில் சேர்ந்தனர்.

தோட்டப் பள்ளியின் கதையோ முற்றிலும் வேறு. மலாய் ஐக்கிய நாடுகளில் 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், 7 வயது முதல் 14 வயது வரையிலான பிள்ளைகள் 10 பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி அமைக்க வேண்டும் என்று விதித்தது. சட்டத்தின் சொல்லுக்குப் பணிந்து கொட்டகைகள் எழுந்தன. அங்கே ஆசிரியராக அமர்ந்தவர் பல இடங்களில் கங்காணியோ கிராணியோ எழுதப் படிக்கத் தெரிந்த வேறொரு தொழிலாளியோதான். நெடுங்கணக்கும் வாய்ப்பாடும் சொல்லித் தருவதே அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. காயத்துக்குக் கட்டுப்போடக் கற்பிக்க அவருக்கு யார் கற்பித்தார்கள்?

தோட்டத்தில் மருத்துவம் என்றால் அது டிரெசரையே குறிக்கும். சட்டம் தோட்ட மருத்துவமனைகளையும் வேண்டியது. ஆனால் மருத்துவர் பல தோட்டங்களுக்குப் பொதுவானவர். குறித்த நாள்களில் வந்து போகிறவர். அன்றாடம் புண்ணைக் கழுவி, மருந்திட்டு, காய்ச்சலுக்குக் கொயினா கொடுத்தவர் டிரெசர். பிற்காலத்தில் 1965ஆம் ஆண்டின் தோட்ட மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டம் அவர்கள் தொழிலுக்கு ஓர் ஒழுங்கை வகுத்தது. ஈழத்தின் வடபுலத்திலிருந்து வந்த தமிழர் பலர் மலாயாவின் மருத்துவமனைகளில் இத்தகைய பணிகளை ஆற்றினர் என்பது நாம் நன்றியுடன் நினைக்க வேண்டியதாகும்.

ஈழத்தைக் குறிப்பிடும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்க மருத்துவரான சாமுவேல் பிஸ்க் கிரீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவமனை கண்டு, 1864 முதல் மருத்துவக் கல்வியைத் தமிழிலேயே நடத்தினார். 'இரண வைத்தியம்' என்னும் அறுவை மருத்துவ நூல் 1867இல் தமிழில் அச்சேறியது. முழு மருத்துவக் கல்வியையே தமிழில் தர முடிந்த ஒரு மொழியினர், புண்ணைக் கழுவும் பாடத்தைத் தம் பிள்ளைகளுக்குத் தமிழில் தருவதற்கு மொழியில் குறை இருந்ததில்லை. குறை இருந்தது, அந்தப் பிள்ளைகளைப் பற்றி நினைப்பாரிடத்தில்தான்.

தோட்டத்தின் காயங்கள்

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நேர்ந்த காயங்களை எண்ணிப் பார்ப்போமானால், அவை தோட்ட வாழ்வின் படமாகவே அமையும். விடியுமுன் பிரட்டுக்களத்தில் பேர் பதிந்துவிட்டுத் தாயும் தந்தையும் நிரைக்குப் போய்விடுவார்கள். கைக்குழந்தை ஆயாக்கொட்டகைக்குப் போகும். மற்றப் பிள்ளைகளுக்கு மூத்த பெண்ணே தாய். எட்டு வயதிலும் பத்து வயதிலும் அடுப்பு மூட்டி, கஞ்சி இறக்கி, தம்பி தங்கையருக்கு ஊட்டிவிட்டுப் பள்ளிக்கு ஓடிய பெண்கள் எத்தனையோ பேர். கொதிக்கும் பானை அவர்கள் மேல் கவிழ்ந்தது. மண்ணெண்ணெய் விளக்கு அவர்கள் பாவாடையில் சாய்ந்தது.

பள்ளி விட்டதும் மங்கு கழுவவும் ஒட்டுப்பால் பொறுக்கவும் பிள்ளைகள் பெற்றோருக்குத் துணையாகச் சென்றனர். வெறுங்காலில் உடைந்த மங்குச் சில்லு ஏறியது. தீட்டி வைத்த உளி கையைப் பிளந்தது. பாலை உறையச் செய்யும் பார்மிக் அமிலம் தெறித்துக் கண்ணைச் சுட்டது. புல்லுக்குள் பாம்பும், பட்ட மரத்தில் குளவியும், விறகுக்குள் பூரானும் இருந்தன. தோட்டத்து ஆறும், அருகில் கைவிடப்பட்ட ஈயச்சுரங்கக் குட்டையும் விளையாடப் போன சிறுவரை விழுங்கின. சிறுவர் உழைப்பைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1966இல் வந்தது. ஆயினும் பெற்றோருக்கு உதவுதல் என்னும் பெயரால் நடந்தது எளிதில் நின்றுவிடவில்லை.

அடிபட்டதும் நடந்தது என்ன? வெட்டுக்காயத்தில் காப்பித்தூளை அப்பினார்கள். சிலர் புகையிலையை வைத்துக் கட்டினார்கள். தீப்புண்ணில் பற்பசையும் மையும் பூசினார்கள். மண்ணெண்ணெய் குடித்துவிட்ட குழந்தையைத் தலைகீழாகப் பிடித்து வாந்தியெடுக்க வைத்தார்கள். இவற்றைச் செய்த நம் முன்னோரை இகழ்வது அறமாகாது. கண்முன் துடிக்கும் பிள்ளைக்கு ஏதேனும் செய்தாக வேண்டும் என்னும் தவிப்பில், தமக்குத் தெரிந்ததை அவர்கள் செய்தார்கள். தெரிய வேண்டியதை அவர்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டிருந்தவர்கள் சொல்லவில்லை. காப்பித்தூள் அழுக்கைப் புண்ணுக்குள் சேர்க்கும் என்பதும், குடித்த மண்ணெண்ணெய் வாந்தியின்போது நுரையீரலுக்குள் புகுந்து பெருங்கேடு செய்யும் என்பதும் ஒரு பள்ளிப் பாடத்தில் அடங்கக்கூடிய செய்திகளே.

போரும் அவசரகாலமும்

சிறுகாயத்தைப் புறக்கணித்தால் என்னாகும் என்பதை நம் இனம் மிகக் கொடிய முறையில் கற்றது. சப்பானியர் ஆட்சியில் 1942, 1943ஆம் ஆண்டுகளில் அமைக்கப்பட்ட சயாம் மரண இரயில்பாதைக்குத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர் கொண்டுசெல்லப்பட்டனர். காலராவும் மலேரியாவும் பட்டினியும் அவர்களைக் கொன்றன. அவற்றோடு புரையோடிய புண்ணும் சேர்ந்துகொண்டது. மூங்கில் முள் கீறிய சிறு சிராய்ப்பு, சத்துணவும் தூய நீரும் கட்டுத்துணியும் இல்லாத நிலையில் எலும்பு தெரியுமளவுக்கு அழுகியது. காலை இழந்தோரும் உயிரை இழந்தோரும் பலர்.

அதே காலத்தில் இன்னொரு செய்தியும் நிகழ்ந்தது. 1943இல் நேதாஜி சுபாசு சந்திர போசு சிங்கப்பூரில் அமைத்த ஜான்சிராணிப் படையில் மலாயாத் தோட்டங்களைச் சேர்ந்த பெண்கள் பலர் சேர்ந்தனர். அவர்களுள் ஒரு பகுதியினர் செவிலியப் பயிற்சி பெற்றனர். வெளியுலகம் அறியாத தோட்டத்துப் பெண்கள் முறையாகக் கட்டுப்போடவும் நோயாளியைப் பேணவும் கற்ற அரிய வாய்ப்பாக அது அமைந்தது. போர் முடிந்த பின்னர் 1946இல் இந்தியக் காங்கிரசின் மருத்துவக் குழு மலாயாவுக்கு வந்து நம் மக்களிடையே பணியாற்றியது. ஜான்சிராணிப் படையில் பணிபுரிந்த ஜானகி தேவர், பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன், அக்குழுவோடு இணைந்து தொண்டு செய்தார்.

1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் புதுக்கிராமங்கள் அமைக்கப்பட்டன; தோட்டத்து லயங்களும் பல இடங்களில் வேலிக்குள் ஒருசேரக் கொண்டுவரப்பட்டன. அப்போதுதான் செஞ்சிலுவைச் சங்கத்தையும் செயின்ட் ஜான் அமைப்பையும் சேர்ந்த குழுக்கள் நகர எல்லையைத் தாண்டிக் கிராமங்களுக்குள் வந்தன. அரசியல் காரணத்துக்காக வந்தாலும், அவர்கள் கொணர்ந்த அறிவு மக்களுக்குப் பயன்பட்டது. பிரிட்டிசுச் செஞ்சிலுவைச் சங்கத்தின் கிளைகளாகச் சபாவிலும் சரவாக்கிலும் 1948இலும், தீபகற்பத்தில் 1950இலும் தொடங்கிய பணி, 1963இல் மலேசியச் செஞ்சிலுவைச் சங்கமாக உருப்பெற்று, 1975இல் மலேசியச் செம்பிறைச் சங்கம் என்னும் பெயரை ஏற்றது. இவ்வமைப்புகளின் இளையோர் பிரிவுகள் பள்ளிகளில் சீருடை இயக்கங்களாக நிலைபெற்றன.

மாறிவரும் பாடம்

முதலுதவியைக் கற்பிப்போர் மறக்கக்கூடாத ஒன்றுண்டு. இது ஒருமுறை கற்று, உயிருள்ளவரை அப்படியே ஒப்புவிக்கும் பாடமன்று. மூச்சு நின்றவருக்கு மூச்சூட்டும் முறையையே சான்றாகக் கொள்வோம். 1903இல் செபர் என்பவர் வகுத்த முறைப்படி நோயாளியைக் குப்புறக் கிடத்தி முதுகை அழுத்தினார்கள். 1932இல் ஓல்கர் நீல்சன் முறை வந்தது. முதுகை அழுத்துவதோடு கைகளையும் தூக்கினார்கள். 1950களின் இறுதியில் எலாம், சபார் என்னும் மருத்துவர்கள், வாயோடு வாய் வைத்து ஊதுவதே மேலானது என்று மெய்ப்பித்தனர். 1960இல் மார்பை அழுத்தி இதயத்தை இயக்கும் முறை அமெரிக்காவில் வெளியிடப்பட்டது. அறுபதே ஆண்டுகளில் ஒரே பாடம் நான்கு முறை திருத்தி எழுதப்பட்டது!

பாம்புக்கடியின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. கடிவாயைக் கீறு, இரத்தத்தை உறிஞ்சு, மேலே இறுக்கிக் கட்டு என்று பழைய கையேடுகள் கூறின. 1950களில் பினாங்கு மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர் அலிஸ்டர் ரீட், வடமாநிலங்களில் மிகுதியாகக் காணப்படும் மலாயாக் குழிவிரியனின் கடிக்கு ஆளானோரை ஆராய்ந்தார். கடிபட்டோருள் கணிசமான பகுதியினருக்கு நஞ்சு ஏறவேயில்லை, அல்லது மிகச் சிறிதளவே ஏறியிருந்தது என்று அவர் கண்டார். மந்திரித்ததால் பிழைத்தான் என்று நம் மக்கள் நம்பியதன் உட்பொருள் இதனால் விளங்குகிறது. மந்திரிக்காவிட்டாலும் அவர்களுள் பலர் பிழைத்திருப்பார்கள். மெய்யாகவே நஞ்சேறியவர்கள் மந்திரவாதியின் வாயிலில் காலத்தை இழந்தார்கள்.

மேலும், இப்பாம்பின் நஞ்சு இரத்தம் உறையும் தன்மையைக் கெடுத்துவிடும். அந்நிலையில் கத்தியால் கீறிவிட்டால் இரத்தம் நிற்காமல் ஒழுகும். உதவி என்று செய்தது ஊறாக முடியும். ஆகவே இன்று கற்பிப்பது வேறு. கடிபட்டவரை அமைதிப்படுத்த வேண்டும். மோதிரம், வளையல் முதலியவற்றைக் கழற்ற வேண்டும். கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, விரைவாக மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். கீறலாகாது, உறிஞ்சலாகாது, இறுக்கிக் கட்டலாகாது. பாம்பைத் துரத்திப் பிடிக்கவும் வேண்டா. 2017இல் உலகச் சுகாதார நிறுவனம் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் வரிசையில் முதன்மைப் பிரிவில் சேர்த்தது. நாட்டுப்புற ஏழையின் துன்பத்தை உலகம் கவனிக்க இத்தனை காலம் ஆயிற்று.

தீப்புண்ணுக்கும் இன்றைய பாடம் எளியதே. ஓடும் குளிர்ந்த நீரில் இருபது நிமிடம் காட்ட வேண்டும். பற்பசையும் வேண்டா, எண்ணெயும் வேண்டா. அமிலம் கண்ணில் தெறித்தாலும் உடனே செய்ய வேண்டியது தண்ணீரால் நெடுநேரம் கழுவுவதே. இரத்தம் பெருகினால் தூய துணியை வைத்து நேராக அழுத்திப் பிடிக்க வேண்டும். இவற்றுக்கு வேண்டிய பொருள்கள் எந்த லயத்திலும் இருந்தவை. தண்ணீர்ப் பீப்பாய் வாசலிலேயே இருக்க, பற்பசையைத் தேடி ஓடிய கொடுமை அறியாமையால் விளைந்தது.

விதியும் காப்பும்

காயத்துக்குக் கட்டுப்போடுவதைவிடக் காயம் நேராமல் காப்பது மேலானது. ஆனால் விபத்து என்ற சொல்லைக் கேட்டதும் விதி என்று பெருமூச்செறிந்து அமைதி கொள்வது நம்மிடையே பழகிப்போன வழக்கம். அமெரிக்க மருத்துவரான வில்லியம் ஆடன் இந்த எண்ணத்தைத் தகர்த்தவர்களுள் ஒருவர். 1966இல் அந்நாட்டின் சாலைப் பாதுகாப்புத் துறைக்கு முதல் தலைவரான அவர், எந்த விபத்தையும் நிகழுமுன், நிகழும்போது, நிகழ்ந்தபின் என மூன்று கட்டங்களாகப் பிரித்து ஆராயலாம் என்றும், ஒவ்வொரு கட்டத்திலும் தடுப்பதற்கு வழியுண்டு என்றும் காட்டினார். கொசுவையும் மலேரியாவையும் ஆராய்வது போலவே காயத்தையும் ஆராய வேண்டும் என்பது அவர் கொள்கையின் சாரம்.

இக்கண்ணோட்டத்தோடு நம் தோட்டங்களைப் பார்ப்போம். 1962 முதல் உலகச் சந்தையில் விற்கப்பட்ட பாராகுவாட் என்னும் களைக்கொல்லியை நம் மக்கள் புல்மருந்து என்றே அறிவர். கருநிறமான அதனைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றி வீட்டில் வைத்தனர். பானம் என்று எண்ணிக் குடித்தவர்களுக்கு ஒரு வாய் மருந்தே எமனாக அமைந்தது. அதற்கு முறிவு மருந்து இல்லை. நிறத்தையும் நாற்றத்தையும் வாந்தியூட்டும் பொருளையும் பின்னர் அதில் சேர்த்தனர். மலேசியாவில் 2002இல் தடைக்கு முடிவெடுக்கப்பட்டு, 2006இல் அது தளர்த்தப்பட்டு, மீண்டும் 2020ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் முழுத்தடை நடைமுறைக்கு வந்தது.

இதில் இரண்டு உண்மைகள் அடங்கியுள்ளன. நஞ்சைப் பானப் புட்டியில் வைக்கக் கூடாது என்று பிள்ளைக்கும் தாய்க்கும் கற்பிப்பது பள்ளியின் கடமை. நஞ்சே வீட்டுக்கு வராமல் பார்த்துக்கொள்வது முதலாளியின் கடமையும் அரசின் கடமையும் ஆகும். ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தட்டிக்கழிப்பது நேர்மையாகாது. மாணவனைப் பள்ளிக்குத் திறந்த லாரியிலும் டிராக்டர் வண்டியிலும் ஏற்றி அனுப்பிவிட்டு, பிடித்துக்கொண்டு நில் என்று அறிவுரை கூறுவது பாதுகாப்புக் கல்வி ஆகாது.

சிறுவரே சிறுவருக்கு

தம்பியைத் தூக்கிச் சுமக்கும் அக்காவை நம் தோட்டங்கள் மட்டும் கண்டதில்லை. ஏழை நாடுகள் அனைத்திலும் அவள் இருக்கிறாள். அவளையே ஆசிரியையாக்கினால் என்ன என்ற எண்ணம் இலண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் மோர்லி, இயூ ஆவ்சு ஆகியோருக்குத் தோன்றியது. அனைத்துலகச் சிறுவர் ஆண்டான 1979ஐ ஒட்டி அவர்கள் தொடங்கிய 'சிறுவர்க்குச் சிறுவர்' என்னும் திட்டத்தில், மூத்த பிள்ளைகள் இளைய பிள்ளைகளின் நலனைக் காக்கக் கற்றனர். விபத்துகளைத் தடுப்பதும் அவர்கள் பாடங்களுள் ஒன்று. வீட்டில் ஆபத்து எங்கெங்கே உள்ளது என்று பிள்ளைகளே தேடிக் கண்டுபிடித்து, வகுப்பில் பேசி, வீட்டுக்குச் சென்று சரிசெய்யும் முறை அது. மனப்பாடத்துக்கு அங்கே வேலையில்லை.

செல்வ நாடாகிய நார்வேயும் இவ்வகையில் வழிகாட்டியது. பொம்மை செய்யும் தொழிலில் இருந்த ஆசுமுண்டு லேர்டால் 1960இல் மூச்சூட்டும் பயிற்சிக்கென மனித வடிவிலான பொம்மையை உருவாக்கினார். அடுத்த ஆண்டே நார்வேப் பள்ளிகளில் உயிர்காக்கும் பயிற்சி பாடமாயிற்று. 2015ஆம் ஆண்டில், 12 வயதிலிருந்தேனும் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் இரண்டு மணி நேரம் இப்பயிற்சியை அளிக்க வேண்டும் என்ற பரிந்துரையை உலகச் சுகாதார நிறுவனம் ஏற்றது. ஆண்டுக்கு இரண்டே மணி நேரம்! எந்தப் பள்ளியும் ஒதுக்கக்கூடிய காலம் அது.

குழந்தைகளின் காயம் பற்றி உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெப் நிறுவனமும் 2008இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் நாள்தோறும் 2,000க்கும் மேற்பட்ட சிறுவர் தடுக்கக்கூடிய காயங்களால் இறக்கின்றனர் என்று கணக்கிட்டது. சாலை விபத்து, நீரில் மூழ்குதல், தீக்காயம், கீழே விழுதல், நஞ்சு ஆகியவையே முதன்மையான காரணங்கள். தோட்டத்துக் காயங்களாக மேலே நாம் எண்ணியவை பெரும்பாலும் இப்பட்டியலில் அடங்கிவிடுகின்றன.

இன்றைய நிலையும் நம் கடமையும்

நாடு விடுதலை பெற்ற 1957இல் 800க்கும் மேற்பட்டிருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 500க்குச் சற்றே மிகுந்துள்ளன. தோட்டங்கள் துண்டாடப்பட்டன; ரப்பர் போய்ச் செம்பனை வந்தது; மக்கள் நகர்ப்புறங்களுக்குப் பெயர்ந்தனர். டிரெசரின் மருந்தறை பல தோட்டங்களில் பூட்டப்பட்டது. ஆனால் மாணவர் குறைந்த பள்ளிகள் பல இன்னும் தோட்டத்து நிலத்திலேயே நிற்கின்றன. 150க்கும் குறைவான மாணவரைக் கொண்ட இத்தகைய பள்ளிகளில், சீருடை இயக்கத்துக்கு ஓர் அணியைத் திரட்டுவதே அரிது. பழைய துணையும் இல்லை, புதிய வசதியும் முழுமையாக வரவில்லை என்னும் இடைநிலையில் அவை உள்ளன.

2011 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த தொடக்கப்பள்ளித் தரக் கலைத்திட்டத்தில், நலக்கல்விப் பாடத்தின் கீழ்ப் பாதுகாப்பும் முதலுதவியும் இடம்பெற்றிருப்பது மகிழ்ச்சிக்குரியது. முதலுதவி பாடத்திட்டத்துக்குள் வரவேண்டும் என்ற கோரிக்கை நிறைவேறிவிட்டது. எஞ்சியிருப்பது, ஏட்டில் உள்ள பாடம் கையில் இறங்க வேண்டும் என்பதே. முதலுதவிப் பெட்டியில் இருக்க வேண்டிய பொருள்கள் யாவை என்ற வினாவுக்குப் பத்துப் பெயர்களை எழுதி முழு மதிப்பெண் பெறும் மாணவன், அப்பெட்டியை ஒருமுறையேனும் திறந்து பார்த்திருக்கிறானா? இரத்தம் கசியும் இடத்தில் துணியை வைத்துத் தன் முழு வலிமையோடு அழுத்திப் பழகியிருக்கிறானா? 999 என்ற எண்ணை அழைத்துத் தான் நிற்கும் இடத்தைத் தெளிவாகச் சொல்ல அவனால் முடியுமா? தோட்டப்புறத்துச் சாலைகளுக்குப் பெயர்ப்பலகை இருப்பது அரிது. வரும் வண்டிக்கு எந்தப் பாலத்தையும் எந்தக் கோயிலையும் அடையாளம் சொல்வது என்பதும் முதலுதவிப் பாடமே.

இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஒவ்வொரு பள்ளியிலும் இரண்டு ஆசிரியர் முறையான சான்றிதழ்ப் பயிற்சி பெற்று, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஆண்டுக்கு ஒரு நாளை ஒதுக்கிச் செம்பிறைச் சங்கத்தாரையோ செயின்ட் ஜான் அமைப்பினரையோ அழைக்க வேண்டும். அன்று பிள்ளைகளோடு பெற்றோரும் அமர்ந்து கற்க வேண்டும். முக்கோணத் துணிக்குப் பழைய வேட்டி போதும். நீரில் மூழ்குபவனைக் காக்கத் தானும் குதிப்பவன் தானும் மூழ்குவான். கம்பை நீட்டு, கயிற்றை எறி, மிதக்கும் பொருளை வீசு, பெரியவர்களைக் கூவி அழை என்னும் பாடத்துக்குப் பள்ளித் திடலும் ஒரு கயிறும் போதும்.

இப்பாடம் பிள்ளை சிந்திக்கும் மொழியில் இருக்க வேண்டும் என்பதையும் வலியுறுத்த வேண்டியுள்ளது. ஆபத்து வேளையில் மனத்தில் எழுவது தாய்மொழியே. அழுத்து, கழுவு, அசைக்காதே, கூப்பிடு என்னும் நான்கு தமிழ்ச் சொற்கள் ஒரு குழந்தையின் நினைவில் ஆழப் பதிந்திருந்தால், அவை ஓர் உயிரைக் காக்கக் கூடும். தமிழ்ப்பள்ளியின் தேவையைப் பற்றி நாம் மேடைகளில் பேசும் காரணங்களோடு இதனையும் சேர்த்துக்கொள்ளலாம்.

நம் முன்னோர் இந்நாட்டின் காட்டைத் திருத்தினார்கள், சாலையை இட்டார்கள், இருப்புப்பாதையை அமைத்தார்கள். அப்பணிகளில் அவர்கள் சிந்திய இரத்தத்தைப் பற்றி நாம் பெருமிதத்தோடும் வேதனையோடும் எழுதி வருகிறோம். அந்த இரத்தத்தில் ஒரு பகுதி, அருகிலிருந்த ஒருவருக்கு அழுத்திப் பிடிக்கத் தெரிந்திருந்தால் சிந்தாமலே இருந்திருக்கும். அடுத்த தலைமுறைக்கு அத்தகைய இழப்பு நேராமல் காப்பது பள்ளி ஆசிரியர், பெற்றோர், பொது இயக்கங்கள் ஆகிய முத்தரப்பாரின் கூட்டுக் கடமையாகும். அக்கடமையை ஆற்றுவதற்கு ஆண்டில் இரண்டு மணி நேரத்தை ஒதுக்க மனம் இருந்தால் போதும்.